உடவத்தகலையின் மண்பாதைகள்

கண்டி மாநகருக்குச் செல்வோர் தலதா மாளிகையைத் தரிசிப்பர். வாவிக் கரையில் ஒருமுறை உலாவுவர். கடைவீதிக்குட் புகுந்து மீள்வர். மாளிகையின் பின்னே, மலைமேல் அடர்ந்து நிற்கும் உடவத்தகலை வனத்தை ஏறிட்டுப் பார்ப்போர் பலர். ஏறிப் பார்ப்போர் சிலரே. அச் சிலரிலும் ஒரு சாரார், "பாதை கரடுமுரடாக உளதே, கொங்கிறீற்று இட்டு அகலமாக்கினால் என்ன?" என்று கேட்கின்றனர். வேண்டாம் என்பதே என் விடை.

அவ்வனம் ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்புடையது. கண்டி அரசர்க்கு அது அரண்மனையின் மேற்றோட்டம். குடிகள் புகலாகாத இடம். ஆங்கிலேயர் 1856ஆம் ஆண்டில் அதனை ஒதுக்குக் காடாக்கினர். 1938இல் அது சரணாலயமாயிற்று. கீழேயுள்ள வாவியோ, வயல் கிடந்த பள்ளத்தில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் கட்டுவிக்கத் தொடங்கியது. நாயக்கர் வழிவந்த அம்மன்னன் பிறந்தபோது இட்ட பெயர் கண்ணுச்சாமி என்பதை நம்மவர் அறிவர்.

பாதைகளின் பெயர்களோ முற்றிலும் வேறு. ஆளுநர்களின் மனைவியரே அங்கு நடமாடுகின்றனர். லேடி ஹோர்ட்டன் பாதை என்பது 1831 முதல் 1837 வரை ஆளுநராயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் மனைவி பெயரால் அமைந்தது. அவ்வம்மை இளமையில் ஒரு விருந்தில் அணிந்துவந்த கறுப்பு உடையின் அழகைக் கண்டே, பைரன் தன் புகழ்பெற்ற கவிதையொன்றை 1814இல் எழுதினான் என்பர். ஹோர்ட்டனின் ஆட்சிக் காலத்திலேதான், 1832இல், இக்காட்டிற்கு உடையவனாயிருந்த மன்னன் வேலூரிற் சிறையிருந்தவாறே இறந்தான். லேடி டொறிங்டனுக்கும் ஒரு பாதை உண்டு. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை இராணுவச் சட்டங்கொண்டு கொடுமையாக அடக்கியவர் அவருடைய கணவர். புரன் அப்பு சுடப்பட்டது இதே கண்டியிலேதான். பெயர்களை அழித்துவிடுக என நான் கூறவில்லை. இவ்வரலாற்றைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பாதையோரத்தில் எழுதி வைத்தாற் போதும். படிப்பவன் தானே தீர்ப்பளித்துக்கொள்வான்.

கொங்கிறீற்றுக்கு வருவோம். மலைச்சரிவில் விழும் மழையைச் சருகும் வேரும் தடுத்து, மண்ணுக்குள் மெல்ல இறக்குகின்றன. இறுகிய தளமிட்ட பாதையோ அந்நீரை வாய்க்கால்போல் ஒன்றுகூட்டிக் கீழே விரட்டும். தளம் முடியுமிடத்தில் மண் அரிந்து பள்ளமாகும். அகன்ற பாதைக்கு மேலே மரக்கவிகை பிளவுபடும், வெயில் உட்புகும், வெயிலைத் தேடும் அந்நியச் செடிகள் அதன் பின்னே வரும். ஏற்கெனவே பெரு பால்சம் என்னும் தென்னமெரிக்க மரம் இறக்கை முளைத்த தன் விதைகளைக் காற்றிற் பரப்பி, உள்ளூர்க் கன்றுகள் தலையெடுக்க இடமின்றி நெருக்கிவருகின்றது. இந்நிலையில் நாமும் ஏன் கதவைத் திறந்துவிடவேண்டும்?

வளைந்து செல்லும் வழியைப் பொறுக்கமாட்டாமல் குறுக்கே இறங்குவோரும் தீங்கிற் குறைந்தவரல்லர். பத்துப்பேர் இறங்கிய தடம் அடுத்த மாரியில் ஓடையாகிவிடும். குரங்குக்கு வடை கொடுத்துப் பொலித்தீன் பையை எறிந்துவிட்டுப் போகும் தருமவான்களைப்பற்றி எழுதி இப்பக்கத்தை வீணாக்கேன்.

முதியோர் என் செய்வர் எனலாம். அவர்க்கென்றே வாவியைச் சுற்றி ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவுக்குச் சமதளமான நடைபாதை உளது, நிழலும் உண்டு. காட்டின் நடுவேயுள்ள பழைய குளத்தருகே செல்லவும், பூஸ்வெல எனச் சிங்களர் கூறும் பெருங்கொடி மரத்துக்கு மரம் தாவிக் கிடப்பதைக் காணவும் விரும்புவோர் சற்று மெல்ல நடப்பதில் இழப்பொன்றுமில்லை. அட்டைக்கு அஞ்சுவோர் மழை ஓய்ந்த மாசி, பங்குனியிற் செல்லலாம்; மற்றை மாதங்களிற் போகிறவர், புறப்படுமுன் காலிற் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொள்வாராக.