முகவரியற்றோரும் இலவச வைத்தியமும்

இலவச வைத்தியசேவை இலங்கையின் பெருமைகளுள் ஒன்று. 1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டதன் பயனை ஏழை மக்கள் பல தலைமுறைகளாகப் பெற்று வந்துள்ளனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இப்பெருமையை எடுத்துரைப்போர், தெருவில் வாழ்வோரைப் பற்றிப் பேச நேரும்போது, ஒரு வாதத்தைத் தவறாது முன்வைப்பர். வைத்தியசாலைக் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. வராதிருப்பது அவர்தம் குற்றம் என்பதே அது. கேட்போருக்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் அடிப்படையிலேயே பிழையானது. கட்டணமின்மை வேறு, வைத்தியம் கிட்டுதல் வேறு.

இந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு வீட்டை அலகாகக் கொண்டு எழுப்பப்பட்டது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்ட காலந்தொட்டு, குறித்த எல்லைக்குட்பட்ட குடும்பங்களைப் பதிவுசெய்து அவர்தம் வீடுகளை நாடிச் செல்வதே அதன் வழிமுறையாக இருந்து வருகிறது. தாய் சேய் மரணங்கள் குறைந்தமைக்கு இம்முறை பெரிதும் உதவிற்று. ஆனால் வீட்டைத் தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில், வீடற்றவருக்கு இடமேது? கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவதும் வதிவிடத்தையே. வதிவிடம் இல்லாதவர் அடையாள அட்டை பெறவும் அல்லலுறுகிறார்; அடையாள அட்டை இல்லாதவரை உதவித் திட்டங்கள் எளிதில் ஏற்பதில்லை. ஆக, அமைப்பின் மிகச் சிறந்த கூறே இவர்களை வெளியே நிறுத்தும் வேலியாகிவிடுகிறது.

வைத்தியசாலைக்குள் நுழைந்த பின்னரும் நிலைமை இதுவே. நீரிழிவினால் காலில் புண் கண்ட ஒருவரை விடுதியில் அனுமதித்துச் சத்திரசிகிச்சை செய்து, சில நாட்களில் துண்டு வெட்டி அனுப்புகின்றனர். புண்ணை நனையாது வைத்திருக்குமாறும், உணவுக்குப் பின் மருந்தை உட்கொள்ளுமாறும், குறித்த திகதியில் கிளினிக் கொப்பியுடன் வருமாறும் அறிவுரை கூறப்படுகிறது. பஸ் நிலையத்தில் உறங்குபவர் மழைக்காலத்தில் புண்ணை நனையாது காப்பது எங்ஙனம்? வேளைக்கு உணவில்லாதவருக்கு உணவுக்குப் பின் என்பதன் பொருள் யாது? இன்சுலினைக் குளிராக வைத்திருக்க அவரிடம் என்ன உண்டு? காசநோய்க்கு ஆறு மாதங்களாவது இடைவிடாது மருந்துண்ண வேண்டும். பொலிசார் எழுப்பி விரட்டும் ஒருவர் ஆறு மாதமும் ஒரே நிலையத்துக்கு வந்துசேர்வது எளிதன்று. வைத்தியர் எழுதும் ஒவ்வொரு சீட்டும் நோயாளிக்கு ஒரு வீடு உண்டு என்ற எடுகோளிலேயே எழுதப்படுகிறது. அவ்வெடுகோள் பொய்த்தபின், மருந்தைத் தவறவிட்டவர் என்று நோயாளியைப் பழிப்பது அறிவியலுமாகாது, அறமுமாகாது.

இப்பழிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1841 இல் குடியேற்ற ஆட்சி இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், பிழைப்புக்கு வழியின்றிப் பிறர் விறாந்தையிலும் வெறுங்கட்டடத்திலும் தங்குவோரைச் சோம்பேறிகளாகவும் ஒழுங்கற்றவர்களாகவும் வகுத்துத் தண்டனைக்குள்ளாக்கிற்று. 1907 இல் தடுப்பு இல்லங்களுக்கான கட்டளைச் சட்டம் தொடர்ந்தது. தோட்டங்களும் துறைமுகங்களும் கூலி உழைப்பை வேண்டி நின்ற காலத்தில், உழைப்புச் சந்தைக்கு வெளியே நின்றவன் குற்றவாளியாக்கப்பட்டான். 1948 இல் ஆட்சி கைமாறிய பின்னரும் பல தசாப்தங்கள் இச்சட்டங்கள் நிலைத்தன. பொலிசாரைக் கண்டு ஒளிய வேண்டியவர் சீருடை அணிந்த எவரையும் நாடிச் செல்லத் தயங்குவார். வைத்தியசாலைக்கு அவர் வராமைக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

சட்டத்தின் கடுமையை ஈகையின் இனிமை சமன்செய்துவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். பண்டிகை நாளில் சோற்றுப் பார்சல் வழங்குவோரின் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. எனினும் அப்பார்சல் ஒருவேளைப் பசியைத் தீர்ப்பதோடு, கொடுப்பவரின் மனச்சாட்சியையும் ஓராண்டுக்கு உறங்க வைத்துவிடுகிறது. உரிமையாகக் கேட்கப்பட வேண்டியது தருமமாக வழங்கப்படும்போது, கேட்பவரின் வாய் அடைபடுகிறது.

வைத்திய வசதி அதிகம் வேண்டப்படும் இடத்திலேயே குறைவாகக் கிடைக்கிறது என்பதை வேல்ஸ் நாட்டு வைத்தியர் ஜூலியன் ரியூடர் ஹார்ட் 1971 இல் ஒரு விதியாகவே வகுத்துரைத்தார். அவ்விதியை மாற்றவியலாது என்பதற்கில்லை. பொஸ்ரன் நகரில் 1985 இல் தொடங்கிய திட்டத்தில் வைத்தியரும் தாதியரும் தெருக்களுக்கே சென்றனர். வைத்தியசாலையில் இருக்கத் தேவையற்ற, ஆனால் தெருவுக்குத் திரும்ப இயலாத நோயாளர் உடல் தேறும்வரை தங்கக் கட்டில்கள் ஏற்படுத்தப்பட்டன. இலண்டனின் பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தியசாலையில் 2009 முதல், வீடற்ற நோயாளரை அனுப்புமுன் அவர் போகுமிடத்தை ஒழுங்குசெய்யும் முறை தொடங்கப்பட்டது. கனடாவின் ஐந்து நகரங்களில் 2009 முதல் 2013 வரை, உளநோயுற்ற ஏறத்தாழ 2,000 வீடற்றோரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. எந்நிபந்தனையுமின்றி முதலில் வீடு வழங்கப்பட்டோரே மிகுதியாக நிலைத்துத் தங்கினர் என அது காட்டிற்று.

அவை செல்வந்த நாடுகள், இலங்கையின் பொருளாதாரம் இதைத் தாங்காது என்பர். சென்னையில் தெருவில் கைவிடப்பட்ட உளநோயுற்ற பெண்களுக்காக 1993 இல் எழுந்த பனியன் அமைப்பு செல்வந்த நாட்டில் எழுந்ததன்று. அதனினும் அண்மையான சான்றும் உண்டு. 1995 இல் வலிகாமத்து மக்கள் வீடிழந்து பெயர்ந்தனர். 2004 இல் கடல் கரையோரத்தை அழித்தது. 2009 இல் இலட்சக்கணக்கானோர் வவுனியா முகாம்களில் அடைக்கப்பட்டனர். குறைகள் மலிந்திருந்தபோதிலும், ஆழிப்பேரலைக்குப் பின்னரும் வவுனியாவிலும் வைத்தியம் மக்கள் இருந்த இடத்துக்குச் சென்றது. வீடில்லாமை அவர்தம் குற்றமென எவரும் உரைக்கவில்லை. பலர் ஒருங்கே வீடிழந்தால் இயலுவது, ஒவ்வொருவராக வீடிழக்கையில் இயலாமற் போவதேன்? இல்லாதது பணமா, மனமா?

ஆகவே வேண்டப்படுவன தெளிவானவை. போக்கிடம் ஒழுங்காகாத எந்நோயாளியும் துண்டு வெட்டி அனுப்பப்படலாகாது. நகரந்தோறும் உடல் தேறுவதற்கான சிறு விடுதிகள் அமைதல் வேண்டும். தெருக்களை நாடிச் செல்லும் வைத்தியக் குழுக்கள் சுகாதாரப் பிரிவுகளின் அன்றாடக் கடமையாதல் வேண்டும். முகவரியின்றியே பதிவு பெறும் உரிமை நிலைநாட்டப்படல் வேண்டும். வறுமையைக் குற்றமாக்கும் ஏற்பாடுகள் சட்டநூலில் இடம்பெறலாகாது.

மருத்துவம், சட்டம், சமூகவியல் ஆகியவற்றைத் தனித்தனி மண்டபங்களில் போதிக்கும் பல்கலைக்கழகம், அம்மூன்றும் சந்திக்கும் தெருவோரத்தை இன்னும் தன் ஆய்வுக்களமாக ஏற்கத் தயங்குகிறது. வாயிலைக் கடந்து செல்லும் மாணவரும் விரிவுரையாளரும் மதிலோரத்தில் கிடப்பவரை நாள்தோறும் காண்கின்றனர். அவருக்குச் சில்லறை இடுவதோடு தம் கடன் தீர்ந்ததென்று அவர்கள் கருதும்வரை, இந்நாட்டின் வைத்தியசேவை எல்லோருக்கும் உரியது என்ற கூற்று அரைவாசி உண்மையாகவே எஞ்சும்.