முதல் மேட்ச் ஜெயிச்சா போச்சு! தமிழ் தலைவாஸை துரத்தும் 'ஆரம்ப ராசி'

கங்கைகொண்ட சோழபுரம்:

புரோ கபடி தொடங்கிவிட்டால் கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கம் டீக்கடை டி.வி.யில் ராத்திரி 8 மணிக்கு மேல் சீரியல் ஓடாது. பொங்கலுக்கு டியூப் லைட் கட்டி மண் தரையில் கபடி ஆடும் ஊர்கள் இவை. ரெய்டு எது, சும்மா கோட்டை தொட்டுட்டு ஓடி வர்றது எதுன்னு சின்னப் பையனுக்கும் தெரியும். அந்த ரசிகர்கள் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "முதல் மேட்ச்ல பின்னி எடுக்குறாங்க. அப்புறம் என்னதான்யா ஆகுது இவங்களுக்கு?"

கணக்கைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

தமிழ் தலைவாஸ் அணி 2017-ம் ஆண்டு 5-வது சீசனில் களம் இறங்கியது. 2025 வரை ஆடியது 8 சீசன். அதில் 5 சீசனில் முதல் ஆட்டத்தில் வெற்றி. அந்த ஐந்திலும் பிளே-ஆப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை!

2018-ல் சென்னையில் நடந்த முதல் ஆட்டத்தில் நடப்பு சாம்பியன் பாட்னா பைரேட்ஸை 42-26 என்று கிழித்தார்கள். மறுநாளே அதே சென்னையில் உ.பி. யோதாவிடம் 32-37 என்று தோல்வி. சீசன் முடிவில் தங்கள் பிரிவில் கடைசி இடம். 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர்னு மூணு பெரிய தலைகள். தெலுங்கு டைட்டன்சை 39-26 என்று வென்று ஆரம்பித்தார்கள். முடிவு? 12 அணிகளில் 12-வது இடம்.

2023-ல் டெல்லியை 42-31 என்று வீழ்த்திய அன்று அஜிங்கியா பவார் மட்டும் 21 புள்ளி அள்ளினார். கடைசியில் கிடைத்தது 9-வது இடம்.

2024-தான் ரொம்ப வலித்தது. 2 கோடியே 15 லட்சத்துக்கு சச்சினை எடுத்தார்கள். பயிற்சியாளர் உதயகுமார். கூடவே கொள்ளிடத்துக்கு அக்கரை தஞ்சை மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன், வியூகப் பயிற்சியாளராக. 2016-ல் பாட்னாவுக்கு கேப்டனாக இருந்து கோப்பையைத் தூக்கியவர். தெலுங்கு டைட்டன்சை 44-29, நடப்பு சாம்பியன் புனேயை 35-30 என்று அடித்தார்கள். முதல் 5 ஆட்டத்தில் 3 வெற்றி, ஒரு டிரா. இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்னு நம்ம ஊர்ல பந்தயமே கட்டினாங்க. மறுபடியும் 9-வது இடம்.

தலைவன் விழுந்தான், அணி எழுந்தது

இப்ப 2022-க்கு வாங்க. பிளே-ஆப் போன ஒரே சீசன் அதுதான். அந்த சீசன் ஆரம்பம் எப்படி தெரியுமா? 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கிய பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு விழுந்தார். குஜராத்துடன் 31-31 டிரா. அதோடு பவனுக்கு சீசன் முடிந்தது. நடுவில் பயிற்சியாளரும் மாறி, அஷன் குமார் வந்தார். அவ்வளவுதான்னு டி.வி.யை அணைச்சவங்க நிறைய பேர்.

நடந்தது வேறு. நரேந்தர் என்ற புதுப் பையன் அந்த சீசனில் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். அவர் வெளியே உட்கார்ந்தால் அஜிங்கியா ஏறினார். பின்னால் சாகர், சாஹில், நம்ம தமிழ்நாட்டு அபிஷேக் பிடி விடவில்லை. உ.பி.யுடன் 36-36 என சமன் ஆன ஆட்டத்தை டைபிரேக்கரில் ஜெயித்து அரையிறுதி போனார்கள். புனேயிடம் 37-39. ரெண்டே புள்ளி!

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். முதல் ஆட்டத்தில் புது ரெய்டர் எந்தக் காலில் ஏறுவார், எந்தப் பக்கம் திரும்புவார்னு எதிரணிக்கு சரியாகத் தெரியாது. நாலைந்து ஆட்ட வீடியோ கையில் கிடைத்ததும் கார்னர்காரன் கணுக்காலுக்குக் காத்திருக்கிறான். அப்போது ரெண்டாவது ரெய்டர் யார், மூணாவது யார் என்பதுதான் கேள்வி. தலைவாஸ் பல சீசனில் அங்கேதான் கவிழ்ந்தது. ஒரு ஆளை நம்பி ஒரு சீசன் முழுக்க ஓட்ட முடியாது சாமி. ராசி, ஜாதகம் எல்லாம் நாம சொல்லிக்கிறது.

2025-ல் என்ன நடந்தது? அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தார்கள். கேப்டன் மீண்டும் பவன். ரெண்டு பெரிய ரெய்டர், குறை தீர்ந்ததுன்னு நாங்களும் நம்பினோம். ஆகஸ்டு 29-ந்தேதி விசாகப்பட்டினத்தில் தெலுங்கு டைட்டன்சை 38-35 என்று வென்றார்கள். ரெண்டே நாளில் யு மும்பாவிடம் 33-36 என்று கோட்டை விட்டார்கள். செப்டம்பரில் ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி பவனை வீட்டுக்கு அனுப்பியது நிர்வாகம். பவன் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயமோ, பாரம் முழுக்க அர்ஜுன் தலையில் விழுந்தது. இந்த முறை முதல் 8 இடத்துக்குள் வந்தாலே போதும். அதுவும் முடியவில்லை. கோப்பை டெல்லிக்குப் போனது.

ஒரு சீசன் ஆரம்பத்தில் நான் ஸ்கோரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்ப்பது ரெண்டு விஷயம். முதல் ரெய்டர் அவுட் ஆகி பெஞ்சில் இருக்கும் நேரத்தில் எத்தனை புள்ளி வருது? கடைசி 5 நிமிஷம் 3 புள்ளி முன்னால் இருக்கும்போது கார்னர் அவசரப்பட்டு காலில் விழுகிறாரா, செயின் போட்டு நிற்கிறாரா? 2022-ல் இது ரெண்டும் சரியாக இருந்தது. மற்ற சீசனில் பட்டாசுதான் மிச்சம். அதையும் முதல் நாளே வெடிச்சுட்டோம்.