ருசி என்ற சாக்கு

சென்ற தை மாதம் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் ஐந்தாறு பேர் எதிர்வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தோம். நடுவில் வெற்றிலைத் தட்டு. எங்கள் ஊர்க்காரர்கள் மாப்பிள்ளையைப் பற்றிக்கூட இரண்டு வார்த்தையில் பேசி முடித்துவிடுவார்கள். வெற்றிலையைப் பற்றி அப்படி முடிக்க மனம் வராது.

"இது வெற்றிலையா சார்? வெறும் நரம்பு. நேற்றுப் பறித்ததுகூட இல்லை" என்றார் ஒருவர்.

"எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் அடுத்தவர்.

மூன்றாமவர் பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. "விடுங்கள், ருசிக்கு ஏது நியாயம்? அவரவர் நாக்கு அவரவருக்கு" என்று சொல்லி, ஒரு சிட்டிகைச் சீவலை வாயில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். நாலு பேர் கூடிய இடத்தில் மறுத்துப் பேசுகிற தைரியம் எனக்குக் கிடையாது. நான் கதை எழுத வந்ததே அதனால்தானோ என்னவோ! திண்ணையில் விழுங்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

'அவரவர் நாக்கு அவரவருக்கு' என்பதைவிடப் பெருந்தன்மையாகத் தோன்றுகிற வாக்கியத்தையும், அதைவிடச் சோம்பேறித்தனமான வாக்கியத்தையும் நான் கேட்டதில்லை. முதல் மனிதர் சொன்னது இலையைப் பற்றி. அது நரம்போடியதா, பழையதா என்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாமவர் சொன்னது தம்மைப் பற்றி. அதை மறுக்க உலகத்தில் யாருக்கும் அதிகாரமில்லை. இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் வந்து இரண்டையும் ஒரே துணியில் முடிந்து பரணில் போட்டுவிட்டார்.

'எனக்குப் பிடிக்கிறது' என்பதற்கு நானே சாட்சி, நானே நீதிபதி. 'இது நல்ல சரக்கு' என்பதற்கு என் நாக்கு ஒரு சாட்சி மட்டுமே. கண், மூக்கு, கை, சரக்கு வந்த வழி, அதைப் பக்குவம் செய்த விதம் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து அல்ல, ஒரு புகையிலை மண்டியில்.

என் தாய்மாமா நாகப்பட்டினத்தில் ஒரு மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதினார். சம்பளம் கணக்குக்குத்தான். ஆனால், வேதாரண்யத்திலிருந்து சரக்கு வந்து இறங்கினால் முதலாளி கூப்பிடுவது மாமாவைத்தான். 1930இல் ராஜாஜி உப்பெடுத்த ஊர் என்று தேசத்துக்கு வேதாரண்யத்தைத் தெரியும். எங்கள் வீட்டில் வேதாரண்யம் என்றால் புகையிலை. மணலில் வளர்ந்து, வெயிலில் காய்ந்து, அடுக்கிப் புழுங்கவிட்டு, மேலது கீழாக மறுபடி மறுபடி பிரித்து அடுக்கி, பக்குவப்பட்டு வந்த இலை.

மாமா சிப்பத்தின் மேல் இலையைத் தொடமாட்டார். மேல் இலை விற்கிறவன் காட்ட ஆசைப்படுகிற இலை. கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவுவார். மடித்துப் பார்ப்பார். மடிப்பு பொடிந்தால் காய்ச்சல் அதிகம். விரலில் பிசுபிசுத்து ஒட்டினால், எடை ஏறுவதற்காக யாரோ தண்ணீர் தெளித்திருக்கிறான். நடு நரம்பைக் காதருகே வைத்து ஒடிப்பார். பிறகு முகர்வார். கடைசியில்தான் நகத்தளவு கிள்ளி வாயில் வைப்பார். நாக்குக்கு அவர் கொடுத்த இடம் அந்த வரிசையின் கடைசி இடம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மண்டிக்கு முதல் தரம் என்று அவர் பொறுக்கிய இலையை அவர் போட்டுக்கொள்ள மாட்டார். சொந்தத்துக்கு அவர் வாங்கியது காரம் குறைந்த இரண்டாம் ரகம். "உசத்தியை ஊருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் ஏன் மாமா மட்டத்தைப் போடுகிறீர்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இது எனக்கு ஒத்துக்குது மாப்ளே. அது உசத்தி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே" என்றார்.

பள்ளியிலும் பிறகு பாதியில் விட்ட காலேஜிலும் நான் படித்த தர்க்கமெல்லாம் இந்த மூன்று வாக்கியத்துக்கு உறை போடக் காணாது.

எங்கள் தெருவில் கப்பல் இன்ஜினீயர் ஒருவர் இருந்தார். வருஷத்துக்கொரு முறை லீவில் வருவார். பைப் பிடிப்பார். பெட்டி நிறைய வட்டத் தகர டப்பாக்கள். அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவருக்கு விஷயம் தெரியும். வர்ஜீனியா இலையில் இனிப்பு உண்டு, பர்லி காற்றில் உலர்ந்தது, பெரிக் அமெரிக்காவில் லூசியானா ராஜ்யத்தில் பீப்பாயில் அழுத்தி மாதக்கணக்கில் நொதிக்க விடுவது என்று திண்ணையில் எங்களுக்குப் பாடம் நடத்துவார். சிரியாவின் துறைமுகப் பட்டணத்தின் பெயரைத் தாங்கிய லட்டாகியா, விறகுப் புகையில் தொங்கவிட்டுக் கருக்கிய இலை. ஒரு கலவையில் அது எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்பதைப் பற்றி, நம் ஊரில் சாம்பாருக்குப் பெருங்காயம் எவ்வளவு என்று மாமியார் பேசுவதுபோலப் பேசுவார். எல்லாம் சரி. ஆனால் முடிவு எப்போதும் ஒன்றுதான்: லட்டாகியா கலந்ததே புகையிலை, மற்றதெல்லாம் குப்பை.

நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருஷம் மாமாவும் அவரும் பண்டமாற்றுச் செய்துகொண்டார்கள். மாமா கொடுத்த முதல் தர வேதாரண்யத்து இலையை இன்ஜினீயர் நறுக்கிப் பைப்பில் அடைத்தார். ஒரு குச்சி கிழித்தார். இரண்டு, மூன்று, ஏழு குச்சிகள். கனன்று கனன்று அணைந்ததே தவிரப் பற்றவில்லை. "பெயரில்தான் ஐயா இதற்குப் புகை!" என்று தட்டிக் கொட்டிவிட்டார். மாமா டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னத்தில் அடக்கினார். ஒரு நிமிஷம் மரியாதைக்குப் பொறுத்திருந்தார். எழுந்து போய்ச் சாக்கடையில் துப்பி, இரண்டு செம்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டு, "அடுப்படிக் கரியை நக்கின மாதிரி இருக்கு சார்" என்றார்.

அன்றைக்கு நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். காரணம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. உப்பிலுள்ள குளோரைடு இலையில் அதிகம் ஏறினால் இலை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நெருப்பு ஓடாது. சுருட்டுக்கும் பைப்புக்கும் அது பெரிய குற்றம். ஆனால் தமிழ்நாட்டில் மெல்லும் புகையிலை பயிரிடுகிற இடங்களில் உவர்க் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த இலைக்குத் தனி மதிப்பு. காய்ந்த இலைமேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் வியாபாரி முகம் மலரும். ஒரே உப்புதான், ஒரு வேலைக்குக் கெடுதல், இன்னொரு வேலைக்குச் சிறப்பு. ஆகவே தரம் என்று பேச வாயெடுக்கும் முன் 'எந்த வேலைக்கு?' என்று கேட்க வேண்டும். இன்ஜினீயர் அதைக் கேட்கவில்லை. தம் பைப்பில் பற்றாததெல்லாம் புகையிலை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அவருடையதும் பாங்கி நண்பருடையதும் ஒரே நோய்தான். ஒருவர் தரம் என்பதே இல்லை என்கிறார். மற்றவர் தம் ருசியே தரம் என்கிறார். இரண்டு பேருமே மாமாவைப்போல நடு இலையை உருவிப் பார்க்கத் தயாரில்லை.

தரத்துக்கு நாக்குக்கு வெளியிலும் சாட்சி உண்டு. 1887இல் வெளியான ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலின் நிறத்தையும் செதிலையும் பார்த்து அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடித்துவிடுகிறார். கதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் சுருட்டைப் பழக்கமாகப் பிடித்தவர்கள் சாம்பலைப் பார்த்தே இலையை எடை போடுவது கதையல்ல. சாம்பலுக்கு ஏது நாக்கு?

'அவரவர் ருசி' என்ற பேச்சால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இல்லை, உங்களுக்கு இல்லை. என் இளமையில் எங்கள் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர், மக்கிப்போன பழைய இலையைத் தூளாக நறுக்கி, வாசனைத் திரவியம் தெளித்து, பளபளக்கும் பொட்டலத்தில் அடைத்துத் தொங்கவிட்டார். மாமா ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, "இலை செத்துப்போய் ரெண்டு வருஷம் இருக்குமே அண்ணே?" என்றார். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "இப்போ ஜனங்களுக்கு இந்த டேஸ்டுதான் பிடிக்குது" என்று சிரித்தார். கேட்டீர்களா? கேள்வி இலையைப் பற்றி, பதில் ஜனங்களைப் பற்றி! முழு இலையாக விற்றால் மடித்துப் பார்ப்பான், ஒடித்துப் பார்ப்பான். தூளாக்கிவிட்டால் எதை மடிப்பது? 2013இல் தமிழ்நாடு அரசு குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்வதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அந்தப் பொட்டலங்கள் ஒரு வேலையை முடித்துவிட்டன. வாங்குகிறவனுடைய விரலிலிருந்து அறிவை எடுத்துவிட்டன.

முத்திரையும் இந்த அறிவுக்கு ஈடாகாது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்குச் சந்தோஷம்தான், காவிரிக்கரைக் கொடிக்காலுக்குக் கிடைத்த மரியாதை. ஆனால் அந்த முத்திரை இலை எங்கே விளைந்தது என்று சொல்லும். தட்டில் கிடக்கிற இலை மூன்று நாள் வாடியது என்று சொல்லாது. திண்ணையில் முதலில் பேசினாரே, அவர் சொன்னார். அவர் வாயைத்தான் நாம் அடைத்தோம்.

இனி ஒரு நியாயமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். 'விஷத்தில் என்ன ஐயா முதல் தரம், இரண்டாம் தரம்?' என்று நேயர்களில் பலர் இதற்குள் கேட்டிருப்பீர்கள். சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பி ஒரு பிரபந்தம் பாடினார், உ. வே. சாமிநாதையரும் அதைப் பதிப்பித்தார். புலவர் காலத்தில் தெரியாதது நமக்குத் தெரியும். மெல்லும் புகையிலை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். வெறும் பாக்குகூட அந்த ஜாதிதான் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் முடிவு கூறிவிட்டது. புகையிலையின் கொடிய நச்சுகளில் முக்கியமான நைட்ரோசமீன்கள் பெரும்பாலும் எப்போது உண்டாகின்றன தெரியுமா? இலையை உலர்த்திப் புழுங்கவிடும்போது. எந்தப் பக்குவத்தில் மணம் பிறக்கிறதோ, அதே பக்குவத்தில்தான் நஞ்சும் பிறக்கிறது. 'எங்களுடையது கலப்படமில்லாத இயற்கைச் சரக்கு' என்று சொல்லி விற்கிறவன் எதையும் காப்பாற்றிவிடவில்லை. பைப்புக்கும் இதில் விலக்கு இல்லை.

ஆக, ருசி வேறு, தரம் வேறு என்பதோடு நன்மை வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றும் ஒன்றாக வரும்போது மனுஷன் பாக்கியவான். வராதபோது எது எது வந்தது, எது வரவில்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாதவன், பிடித்ததையெல்லாம் நல்லது என்பான். நல்ல சரக்கையெல்லாம் உடம்புக்கு நல்லது என்பான். கடைசியில் உடம்புக்கு ஆகாததையெல்லாம் மட்டமான சரக்கு என்று சொல்லிச் சுய திருப்தி அடைவான். மூன்றும் பொய்.

எனக்கு வருகிற கடிதங்களிலும் இதே குழப்பம்தான். 'உங்கள் கதை எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே மோசம்' என்று ஒருவர். 'பிடித்திருந்தது, ஆகவே அற்புதம்' என்று இன்னொருவர். இரண்டாவது கடிதத்தை நான் பத்திரப்படுத்தி வைக்கிறேன், அது மனித சுபாவம். ஆனால் 'உங்கள் கதாநாயகியை எனக்குப் பிடிக்கவே இல்லை. கதை மட்டும் நன்றாக இருக்கிறது' என்று ஒரு அம்மாள் எழுதினார். அவர் நடு இலையை உருவிப் பார்க்கத் தெரிந்தவர்.

மாமாவின் கன்னத்தில் 2006இல் ஒரு வெள்ளைத் தழும்பு தெரிந்தது. அடுத்த வருஷம் சென்னையில் ஆபரேஷன். கன்னத்தின் ஒரு பக்கமும் தாடையில் பாதியும் போயின. ஊருக்குத் திரும்பிய பிறகு கஞ்சியும் பாலும்தான். ருசி என்பதே மரத்துப்போயிற்று என்று எழுதிக் காட்டினார்.

ஒரு நாள் சாயங்காலம் மண்டியிலிருந்து பழைய முதலாளியின் மகன் பார்க்க வந்தான். விவரம் தெரியாத பிள்ளை; சரக்கு வந்திருக்கிறது, தேறுமா என்று கேட்க ஓர் இலையைக் கையோடு கொண்டுவந்துவிட்டான். அத்தை பதறிப்போய்ப் பிடுங்க வந்தாள். மாமா கையமர்த்தினார். இலையை வாங்கி மடித்தார். நரம்பை ஒடித்துக் காதருகே வைத்துக் கேட்டார். வெகுநேரம் முகர்ந்தார். பிறகு, பாதி வாயால் குழறிக் குழறி, ஆனால் எங்களுக்கெல்லாம் விளங்கும்படி, சொன்னார்:

"சரக்கு முதல் தரம். எடுத்துக்கிட்டுப் போ, எனக்கு வேண்டாம்."