அழாத பிள்ளை

மார்கழிப் பனி பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளைப் போர்த்திய ஒரு காலை, திருப்பலி முடிந்ததும் பங்கிலுள்ள இல்லமொன்றைச் சந்தித்தோம். அங்கே இரண்டு வயது இரட்டையர், இருவருக்கும் சளி. ஓயாது அழுதவன் தாயின் மடியில் இருந்தான். மற்றவன் பாயில் சுருண்டு கிடந்தான்.

"இவன் சாது, சாமி, தொல்லையே தரமாட்டான்" என்றார் தாய். நெற்றியைத் தொட்டோம், அனலாய்க் கொதித்தது. தந்தை உடனே மருத்துவரிடம் தூக்கிச் சென்றார்.

ஈசாக்கு ஏசாவை நேசித்தார். ரெபேக்கா யாக்கோபை நேசித்தார். அவ்விரட்டையர் பின்னர் 20 ஆண்டுகள் பிரிந்திருந்ததைத் தொடக்கநூலில் வாசிக்கிறோம். இத்தாயிடம் அத்தகைய ஓரவஞ்சனை இல்லை. அழுகை அவரை அழைத்தது, அமைதி அழைக்கவில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. அழாத பிள்ளைக்கும் குளிரும் என்பதை மறவாதிருப்போமாக!