‘சோடா’ பிழைச் சொல்லா?

மாணாக்கரின் கட்டுரைக் கொப்பிகளில் ‘சோடா’ என்று கண்டால், அதைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே ‘குளிர்பானம்’ என்று எழுதும் வழக்கம் நம் ஆசிரியர் சிலரிடம் உண்டு. பிறமொழிச் சொல்லை நீக்கித் தமிழ்ச் சொல்லை ஊன்றுகின்றோம் என்பது அவர்களது எண்ணம். அந்த நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும், கந்தப்பளையில் வாழ்ந்து தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், அந்தச் சிவப்புக் கோடு வேண்டாதது என்றே கருதுகின்றேன்.

முதலிற் பொருட்பொருத்தத்தைப் பார்ப்போம். நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில், ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் அமைந்தது எங்கள் ஊர். பனி மூடிய காலையில் கொழுந்து கொய்ய மலையேறும் பெண் நாடுவது சுடச்சுடத் தேத்தண்ணீரையே. தாகம் தணிக்கச் சோடா குடிப்பவர் இங்கு மிகச் சிலர். திருவிழா, திருமணம், விருந்தினர் வருகை என்று சிறப்பு நேரும்போதே போத்தல் திறக்கப்படும். அப்பொழுதும் ‘ஐஸ் இல்லாதது கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கும் முதியோரை நான் கண்டிருக்கின்றேன். குளிரவே வேண்டாத ஒன்றுக்குக் ‘குளிர்பானம்’ என்னும் பெயர் எங்ஙனம் பொருந்தும்? ‘மென்பானம்’ என்பாரும் உளர். ஆங்கிலேயர் மதுவகைகளை வன்மையானவை என்றனர். ஆதலால் மதுவற்றதை மென்மையானது என்றனர். அந்த ‘வன்பானம்’ நம் பேச்சில் இல்லாதபோது, மென்மை மட்டும் தனித்து நின்று யாருக்கு என்ன உணர்த்தும்?

‘சோடா’ மட்டும் பொருந்துமோ என்று வினவலாம். நியாயமான வினாவே. 1767இல் ஜோசப் பிறீஸ்ற்லி நீரில் கரியமில வாயுவைக் கரைத்துக் காட்டினார். 1783இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் அதனை வணிகமாக்கினார். சோடா உப்புச் சேர்ந்த வாயுநீருக்கு எழுந்த பெயர், பின்னர் அவ்வுப்புச் சேராத நீருக்கும் நிலைத்துவிட்டது. ஆனால், எள்ளின் நெய்யாகிய ‘எண்ணெய்’ இன்று தேங்காய்க்கும் உரியதாகி, மண்ணெண்ணெய் வரை சென்றிருக்கின்றதே! அதைப் பிழையென்று எவர் வெட்டுகின்றார்? வழக்கு ஏற்றுக்கொண்டபின் சொல் தன் பிறப்பைக் கடந்து விடுகின்றது.

இனி, இச்சொல்லுக்குள் இருக்கும் வரலாற்றைக் காண்போம். தமிழகத்தில் ‘சோடா’ என்று கேட்டால் இனிப்பற்ற வாயுநீரே கிடைக்கும். ஹைரம் கோட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் உரிமை பெற்ற, கழுத்திற் கண்ணாடிக் குண்டு தாங்கிய போத்தலை, அங்குள்ளோர் ‘கோலி சோடா’ ஆக்கிக் கொண்டனர். இனிப்பும் நிறமும் சேர்ந்ததோ அவர்களுக்குக் ‘கலர்’, இன்று ‘கூல்டிரிங்க்ஸ்’. 1916இல் விருதுநகரில் தோன்றிய காளி மார்க்கின் பவண்டோவை அங்கு எவரும் ‘சோடா’ என்னார். இலங்கையிலோ யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கந்தப்பளை எங்கும் நெக்டோவும் சோடா, ஜிஞ்சர் பியரும் சோடா, ஒரேஞ்ச் பாளியும் சோடா. அங்கே ‘பாட்டில்’, இங்கே, ஆங்கிலேயருக்கு முன்வந்த ஐரோப்பியர் விட்டுச்சென்ற ‘போத்தல்’. நம் சிங்களச் சகோதரரோ குடித்தற்றொழிலாற் பெயரிட்டு, ‘பீம’ என்பர்.

இதிலிருந்து நான் கொள்ளும் முடிபு ஒன்றுண்டு. 1823 முதல் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைக்கும் கடல் கடந்து வந்த நம் முன்னோர் எத்தனையோ சொற்களை மூட்டையோடு சுமந்து வந்தனர். ஆனால், எல்லா இனிப்பு வாயுநீரையும் ‘சோடா’ என்னும் வழக்கு அம்மூட்டையில் வந்ததன்று; இம்மண்ணில், அயலாரோடு கூடி வாழ்ந்து கற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை இந்நாட்டவர் அல்லர் என்றது. நாவோ அவர்கள் இந்நாட்டவரே என்று கடைத்தெருவில் நாள்தோறும் சான்று பகர்ந்துகொண்டிருந்தது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. அவ்வாறு சென்று நீலகிரியிற் குடியேறியவர், ‘சிலோன்காரர்’ என்றே அங்கு சுட்டப்பட்டனர். கோத்தகிரிக் கடையில் ஒருவர் சோடா கேட்டு, இனிப்பற்ற நீரைப் பெற்றுத் திகைத்திருப்பாராயின், அத்திகைப்பே அவர் எந்நாட்டவர் என்பதைச் சொல்லியிருக்கும். இத்தகைய சான்றையா நாம் சிவப்பு மையால் வெட்டுவது?

பொதுநடை வேண்டாம் என்பது என் கட்சியன்று. தமிழகத்தாரும் மலேசியத் தமிழரும் படிக்கும் எழுத்தில் ‘குளிர்பானம்’ உதவும். அதை மாணாக்கர் அறிதல் நன்று. ஆனால், அதைப் புதிய சொல்லாகச் சேர்த்துக் கற்பிப்போம். வீட்டுச் சொல்லைத் தாழ்த்திக் கற்பிக்க வேண்டாம். தாயின் சொல் பிழை என்று கேட்ட பிள்ளை, தாயின் பேச்சு முழுவதையுமே நாணத் தொடங்கும். தோட்டப் பேச்சென்று நகைக்கப்பட்டு, வகுப்பில் வாய் திறவாதிருந்த பிள்ளைகளை நாம் அறியாதவரல்லோம்.

ஐக்கிய அமெரிக்காவில் இதே பானத்தை ஒரு பகுதியார் ‘சோடா’ என்பர். நடுமேற்கினர் ‘பொப்’ என்பர். தெற்கே எந்தப் பானமும் ‘கோக்’ ஆகும். அவர்கள் எவரையும் திருத்தப் புறப்படவில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேர்ட் வோக்ஸ் நடத்திய வழக்காய்வு, 2003ஆம் ஆண்டளவில் இவ்வேறுபாடுகளை வரைபடமாக்கிற்று. அதற்கு வேண்டியிருந்தது வினாக்கொத்தும் பொறுமையுமே.

நம் பாடசாலைத் தமிழ் மன்றங்கள் இதனைச் செய்யலாகாதா? அற்றனிலிருந்து இராகலை வரை, கடைக்காரரிடமும் லயத்து முதியோரிடமும் மாணாக்கர் கேட்டெழுதட்டும். எங்கே ‘சோடா’, எங்கே இன்னும் ‘கலர்’, தொலைக்காட்சி தந்த ‘கூல்டிரிங்க்ஸ்’ எதுவரை ஏறிவிட்டது என்று குறிக்கட்டும். முதியோர் மறையுமுன் இப்பணி தொடங்கவேண்டும். கொப்பியைத் திருத்தும் அந்தச் சிவப்பு மையை, அவ்வரைபடத்தில் ஊர்களைக் குறிக்கப் பயன்படுத்துவோமாக.