சம்மர் டயரும் பசறை ரோட்டு மழையும்



கொஞ்ச நாளாக எங்கள் ஊர்த் தம்பிமாரின் பேச்செல்லாம் டயரைப் பற்றித்தான். பழைய சிவிக், லான்சர் வைத்திருப்பவர்கள் 17 அங்குல ரிம் போட்டு, அதற்கு 'சம்மர் பெர்ஃபோமன்ஸ்' டயர் தேடுகிறார்கள். காய்ந்த ட்ராக்கில் யாரோ ஓட்டிக் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு "சரியான கிரிப்" என்று சான்றிதழும் கொடுக்கிறார்கள்.

நீங்கள் ஓட்டப்போவது எங்கே தம்பி? பசறைக்கும் ஸ்பிரிங் வேலிக்கும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஒக்டோபரில் தொடங்கினால் ஜனவரி வரை மழை.

சம்மர் டயர் என்பது குளிர் 7 பாகைக்குக் கீழே போகாத இடத்துக்கான ரப்பர். அப்படிப் பார்த்தால் நம் நாட்டில் விற்கும் டயர் பெரும்பாலும் சம்மர் டயர்தான். அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு எதற்கு?

நல்ல பெர்ஃபோமன்ஸ் டயரின் பெறுமதி ஈர ரோட்டில் பிரேக் அடிக்கும்போது தெரியும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரிலுள்ள பள்ளக் கோடுகள். அவை தேய்ந்துவிட்டால் எந்தக் கம்பனி டயரும் மொட்டை டயர்தான். அகலம் கூடக்கூட தண்ணீரில் மிதப்பதும் லேசு. செமி ஸ்லிக் இன்னும் மோசம். அது சூடேறினால்தான் பிடிக்கும். நமுனுகுல காலைப் பனியில் எங்கே சூடேறும்? அதன் ட்ரெட்வெயார் எண் 200 அளவில் இருக்கும். சாதாரண கார் டயருக்கு 400, 500. எண் குறையக் குறைய சீக்கிரம் தேயும்.

ஜப்பான் செகண்ட்ஹேண்ட் டயர் மலிவு என்று ஓடுகிறவர்களுக்கும் ஒன்று. பக்கத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று இருந்தால் அது பனிக்கட்டி ரோட்டுக்கான டயர். நம் வெயிலில் இளகிக் கரைந்துவிடும். டிஓடி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது, கடைக்காரர் எவ்வளவு கறுப்புப் பொலிஷ் பூசியிருந்தாலும்.

தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பந்தயக் கார் தடத்தை விட்டு விலகி 7 பேர் மௌத்தானார்கள். அதில் ஒன்று 8 வயதுப் பெண்பிள்ளை. அது பந்தயத்துக்கென்றே உள்ள தடம். நீங்கள் கிரிப் பரிசோதிக்கும் ரோட்டில் ஸ்கூல் விட்ட பிள்ளைகள் ஓரமாக நடந்து வருகிறார்கள்.

எங்கள் கோபம் வாப்பாமார் மேலும்தான். மகனின் காருக்கு டயர் போட லட்சக்கணக்கில் எடுத்துக் கொடுப்பவர், இளைய பிள்ளை போகும் ஸ்கூல் வேனின் டயரை ஒருநாளாவது குனிந்து பார்த்ததுண்டா? வேன் காசு ஐந்நூறு கூடினால் மட்டும் சண்டைக்குப் போகிறோம். வேன்காரரும் மொட்டை டயரோடு இன்னொரு மழைக்காலத்தை ஓட்டிவிடுகிறார். தோட்டத்துப் பிள்ளைகள் வரும் வேன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாட்சம்பளத்தில் வாழும் அந்தப் பெற்றோர் வாய்திறந்து கேட்கவே தயங்குகிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வேன்காரர்களும் வருவார்கள்தானே. பள்ளக் கோட்டுக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டதென்றால் கழற்றச் சொல்லுங்கள். காசு இல்லை என்று சொன்னால் எட்டுப் பத்துப் பெற்றோர் சேர்ந்து போடுங்கள். தம்பிமார் சம்மர் டயருக்கு ஒதுக்கிய காசில் பாதி போதும்.