ஒட்டடை வேறு, வாழும் வலை வேறு

நான் தங்கியிருக்கும் வளாகக் குடியிருப்பு கேரளத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும், வாசற்படிக்கு அப்பால் இரு மரங்களுக்கிடையே நெஃபிலா பிலிப்பெஸ் என்னும் பெருஞ்சிலந்தி ஒன்று வலை கட்டியது. ஆய்வேட்டுப் பணிக்கிடையே நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் அதைக் கவனித்துக் குறிப்பெழுதத் தொடங்கினேன்.

அக்குறிப்பேடு எனக்குக் கற்பித்தவை பல. பெண் சிலந்தியின் உடல் 3 முதல் 5 செ.மீ. வரை நீளமுடையது, அதே வலையின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் ஆணோ ஏறத்தாழ அரை செ.மீ. மட்டுமே. தோட்டத்து வட்டவலைச் சிலந்திகள் பல, பழைய வலையை உண்டுவிட்டு நாள்தோறும் புதிதாக நெய்பவை. இது தன் பொன்னிற வலையைப் பகுதி பகுதியாகவே புதுப்பிக்கிறது. அதன் இரையைத் திருடியுண்ணும் வெள்ளிநிறச் சிறு சிலந்திகளும் அங்கேயே குடியிருந்தன.

41ஆம் நாளில் குறிப்பு நின்றது. உயர்மட்டக் குழுவொன்றின் வருகையை முன்னிட்டு வளாகமெங்கும் ஒட்டடைக்கோல் சுழன்றது. வலையும் இல்லை, சிலந்தியும் இல்லை. தூய்மைப் பணியாளர்மீது எனக்குக் குறையில்லை. ஆணையிட்டவர்கள் உயிரியல் கற்றவர்கள் என்பதே வருத்தம்.

ஒட்டடை என்பது கைவிடப்பட்டுத் தூசி படிந்த நூல். வாழும் வலையை அப்பெயரால் அழைப்பது பிழை. இச்சிலந்தி வலையைவிட்டு இறங்கி, மண்ணில் குழி தோண்டி முட்டையிட்டு, மண்ணாலும் சருகாலும் மூடுகிறது. அதற்கு முன்பே வலையை அழித்தால் அடுத்த தலைமுறையே இல்லாமற்போகும்.

நஞ்சுடையது என்ற அச்சம் இயல்பே. ஆயினும் அது தேடிவந்து கடிப்பதன்று. கடித்தாலும் பொதுவாகச் சிறு வலியோடு நீங்கிவிடும். நடைபாதையில் குறுக்கிட்டால் ஒரு குச்சியில் ஏற்றி அருகிலுள்ள மரத்தில் விட்டுவிடலாம்.

துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அறைகளுக்குள் ஒட்டடை அடியுங்கள், தோட்டத்து வலைகளை டிசம்பர் முடியும்வரையேனும் விட்டுவையுங்கள். ஆசிரியர்களுக்கு மற்றொன்று: முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வலையை ஒப்படைத்து, ஒரு மாதக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் வழங்குங்கள். கள ஆய்வுக்கு நிதியில்லை என்று வருந்தும் நாம், செலவின்றி வாசலுக்கே வந்த களத்தைத் துடைத்தெறியலாகாது.